ரெண்டுன்னு போடுங்க

உட்காருங்க தம்பி. நின்னுக்கிட்டே இருந்தா பஸ்ஸு சீக்கிரம் வந்துடுமா? நாலரைக்கு முன்னாடி வராது, எனக்குத் தெரியும், தினம் இங்கேதானே உட்கார்ந்திருக்கேன். அதென்ன கையிலே, ஆஸ்பத்திரி ஃபைலா? மேலே இருக்கிற காகிதத்தைக் கொஞ்சம் இப்படித் திருப்புங்க. அட கஷ்டமே! உங்க தலையிலேயும் இதைக் கட்டிட்டாங்களா? யாருக்கு, அம்மாவுக்கா? ம்... சரி. என்ன வியாதின்னு நான் கேட்கலை. இந்தக் காகிதத்தைக் குடுத்திருக்காங்கன்னாலே என்னன்னு தெரியும்.

'வாழ்க்கைத் தர மதிப்பீட்டுப் படிவம்.' பேரைப் பார்த்தீங்களா? அரிசிக்குத் தரம் பார்ப்பாங்க, மிளகாவத்தலுக்குத் தரம் பார்ப்பாங்க. இப்போ வாழ்க்கைக்குத் தரம் பார்க்கக் கிளம்பிட்டாங்க. பத்துக் கேள்வி. போன மூணு நாள்லே வலி எவ்வளவு இருந்தது, பூஜ்யத்துலேருந்து பத்துக்குள்ளே ஒரு நம்பர்லே வட்டம் போடவும். மனசு எப்படி இருந்தது, வட்டம் போடவும். நாளைக்கு என்ன ஆகுமோன்னு பயம் இருந்ததா, அதுக்கும் வட்டம். ஒரு மனுஷி சாகக் கிடக்கிறா, அவளுக்கு மார்க்கு போடுறாங்களாம். பள்ளிக்கூடத்துலேகூட பாஸ் மார்க்கு முப்பத்தஞ்சுன்னு சொல்லிட்டுத்தான் பரீட்சை வைப்பான். இதுலே பாஸா ஃபெயிலான்னு அவங்களுக்கே தெரியாது.

நான் பேசுறேன்னா விவரம் தெரியாமப் பேசலை. முப்பத்திரண்டு வருஷம் எடை அளவு இன்ஸ்பெக்டரா இருந்தவன். பெருமாள்சாமின்னா தேனி, கம்பம், விருதுநகர்ப் பக்கம் கடைக்காரங்க இன்னைக்கும் எந்திரிச்சு நிப்பாங்க. தராசு, எடைக்கல்லு, எண்ணெய் அளக்கிற லிட்டரு, பெட்ரோல் பங்க்கு, எல்லாத்தையும் சோதிச்சு முத்திரை குத்தின கை இது. எங்க ஆபீஸ்லே பெட்டிக்குள்ளே வெல்வெட்டுத் துணியிலே ஒரு அசல் கல்லு வெச்சிருப்போம். வெறுங்கையாலே தொடக் கூடாது, இடுக்கியாலேதான் எடுக்கணும். ஊர்லே இருக்கிற அத்தனை கல்லையும் அதோட ஒப்பிட்டுத்தான் சரியா தப்பான்னு சொல்லுவோம். அதுக்குப் பேருதான் அளவு. இந்த நம்பரை எந்தக் கல்லோட ஒப்பிடுறது? என் அஞ்சும் உங்க அஞ்சும் ஒண்ணா? இதை, படிவத்தைக் கொண்டு வந்து குடுத்த பொண்ணுகிட்டயே கேட்டேன்.

பெனிட்டான்னு பேரு. ஏதோ ஆராய்ச்சி பண்ணுதாம். கழுத்துலே அட்டையை மாட்டிக்கிட்டு, கையிலே ஒரு கத்தைப் படிவத்தோட வந்து நின்னுது. "ஐயா, நோயாளிங்க எப்படி இருக்காங்கன்னு அவங்க வாயாலேயே தெரிஞ்சுக்கிறதுக்குத்தான் இது"ன்னு சொல்லுச்சு. என்னத்தைத் தெரிஞ்சுக்கிறது? ஸ்கேன் இருக்கு, ரத்தப் பரிசோதனை இருக்கு, டாக்டர் இருக்கார். எல்லாரும் கையை விரிச்சதுக்கப்புறம் வட்டம் போடச் சொல்லுது இந்தப் பொண்ணு.

என் வீட்டுக்காரி பேரு இந்திராணி. போன ஐப்பசியிலே வயித்துலே கட்டின்னாங்க. ஆபரேஷன் பண்ணினாங்க. ஆறு தடவை கீமோ ஏத்தினாங்க. தலைமுடி எல்லாம் கொட்டி, திரும்ப முளைக்கிற நேரத்துலே முதுகெலும்புக்குப் போயிடுச்சுன்னாங்க. "இனிமே கீமோ வேண்டாம், வலி இல்லாமப் பார்த்துக்குவோம்"னு கீழ்த்தளத்துலே வேற ஒரு பிரிவுக்கு எழுதிக் குடுத்துட்டாங்க. அங்கேதான் மாசாமாசம் இந்தக் காகிதம்.

ரெண்டு படிவம் குடுப்பாங்க, உங்களுக்கும் குடுத்திருப்பாங்களே? வெள்ளை நோயாளிக்கு, மஞ்சள் கூட இருக்கிறவங்களுக்கு. நான் ரெண்டையும் வாங்கி நானே போட்டுடுவேன். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாதுன்னு நினைச்சுடாதீங்க, பதினொண்ணாம் வகுப்பு படிச்சவ. ஆனா எங்க வீட்டுலே அதான் பழக்கம். யாராவது வந்து "அம்மா சாப்பிட்டீங்களா?"ன்னு அவளைக் கேட்டா, நான் "சாப்பிட்டா"ன்னு சொல்லுவேன். ஜவுளிக் கடையிலே "அம்மாவுக்கு என்ன கலர் எடுக்க?"ன்னா, நான் "மெரூன்"ம்பேன். முப்பத்தெட்டு வருஷமா அப்படித்தான். அவளுக்கும் அதுதான் சௌகரியம். ஒரு தடவைகூட "இல்லை, எனக்குப் பச்சைதான் வேணும்"னு சொன்னது கிடையாது.

அதனாலே வலிக்கு ரெண்டுன்னு போட்டேன். ஏன் ரெண்டுன்னு கேட்கிறீங்களா? பூஜ்யம் போட்டா பொய்யுன்னு தெரிஞ்சுடும். அஞ்சு போட்டா அந்தப் பொண்ணு புருவத்தைத் தூக்கும், டாக்டரைக் கூப்பிடும், "எங்கே வலிக்குது, எப்போ வலிக்குது, குத்துற மாதிரியா எரியிற மாதிரியா"ன்னு நூறு கேள்வி வரும். ரெண்டு மரியாதையான நம்பர். ரெண்டுக்கு ஒருத்தரும் ஒண்ணும் கேட்க மாட்டாங்க. மனசுக்கும் ரெண்டு, பயத்துக்கும் ரெண்டு. நீங்களும் எல்லாத்துக்கும் ரெண்டுன்னு போட்டு, மடிச்சு ஃபைலுக்குள்ளே வையுங்க. வேலை முடிஞ்சுது.

அவளுக்கு வலியே இல்லைன்னு நான் சொல்லலை தம்பி. இருந்திருக்கும். ஆனா அவ வாயைத் திறந்து ஐயோன்னு சொல்லி நான் கேட்டதில்லை. பிரசவத்துலேகூட சத்தமே போடலைன்னு நர்ஸம்மா ஆச்சரியப்பட்டுச்சு. அப்பேர்ப்பட்டவளுக்கு ஏழு எட்டுன்னு எழுதினா அது அவளுக்குக் கேவலம் இல்லையா? இன்னொண்ணு. நம்பர் ஏறினா அந்த மருந்தை ஆரம்பிப்பாங்க. மார்ஃபின். எனக்குத் தெரியாதா? எங்க ஆபீஸ் சூப்பிரண்டெண்ட் அருளானந்தத்துக்கு ஒரு புதன்கிழமை மார்ஃபின் ஆரம்பிச்சாங்க, அடுத்த புதன்கிழமை நான் மாலை வாங்கிட்டுப் போனேன். இதைச் சொன்னா, அந்தக் கீழ்த்தளத்து டாக்டரம்மா சொல்றாங்க, "அவர் மார்ஃபினாலே போகலை சார், வியாதியாலே போனார். அதைக் கடைசி வாரத்துலே குடுத்திருக்காங்க, அவ்வளவுதான்." சொல்லுவாங்க. மாலை வாங்கினது நானா அவங்களா? ரெண்டுன்னு இருக்கிற வரைக்கும் அந்தப் பேச்சே வராதுல்ல. நான் கணக்கு இல்லாம ஒண்ணும் செய்ய மாட்டேன்.

மூணு மாசம் ஒழுங்கா ஓடுச்சு. நாலாவது மாசம் அந்தப் பொண்ணு என்ன பண்ணுச்சு தெரியுமா? "ஐயா, ஆதார் கார்டு ஜெராக்ஸ் ஒண்ணு குறையுது, வெளியே கடையிலே எடுத்துட்டு வந்துடுறீங்களா?"ன்னுது. நானும் யோசிக்காம எந்திரிச்சுப் போனேன். ஜெராக்ஸ் கடையிலே கரண்டு இல்லை. அரை மணி நேரம். திரும்பி வந்து பார்த்தா, அந்தப் பொண்ணு ஸ்டூலை இழுத்துப் போட்டு இவ பக்கத்துலே உட்கார்ந்திருக்கு. வெள்ளைப் படிவம் இவ மடியிலே. பேனா இவ கையிலே! வலிக்கு ஒன்பது. ஒன்பதுலே வட்டம் போட்டிருக்கா. அதுவும் லேசா இல்லை, ரெண்டு சுத்து, காகிதம் கிழியுற மாதிரி. "வீட்டிலே உங்கள் கஷ்டத்தை யாரிடமாவது சொல்ல முடிந்ததா?"ன்னு ஒரு கேள்வி இருக்கும் பாருங்க, ஏழாவது, அதுலே பூஜ்யம்.

எனக்கு உடம்பெல்லாம் பத்தி எரிஞ்சுது. நான் இருக்கும்போது ரெண்டு, நான் ஜெராக்ஸ் எடுக்கப் போன அரை மணி நேரத்துலே ஒன்பதா? "யாரைக் கேட்டு எழுத வெச்சே? நீ சொல்லிக் குடுத்து எழுத வெச்சிருக்கே"ன்னு அந்தப் பொண்ணைப் பிடிபிடின்னு பிடிச்சேன். அதுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. இந்திராணி என்னைப் பார்க்கவே இல்லை. பேனாவுக்கு மூடியைத் தேடிக்கிட்டிருந்தா.

டாக்டரம்மா உள்ளே கூப்பிட்டாங்க. என் மக வயசுதான் இருக்கும். பழைய படிவம் மூணையும் மேஜை மேலே பரப்பி வெச்சாங்க. "சார், மூணு மாசமும் எல்லாக் கேள்விக்கும் ரெண்டு. ஒரே பேனா. இது யார் போட்டது?"ன்னாங்க. "நான்தான். என் பெண்டாட்டிக்கு நான் போடாம யார் போடுவா?"ன்னேன். "அவங்க வலியை நீங்க எப்படி சார் போட முடியும்?"ன்னாங்க. எப்படியா! முப்பத்தெட்டு வருஷம் கூட வாழ்ந்தவனைப் பார்த்து, நாலு மாசமாப் பார்க்கிறவங்க கேட்கிற கேள்வி அது. ஆனா உங்ககிட்ட ஒண்ணு சொல்றேன். ஒரு கடையிலே தராசு முள்ளு மூணு மாசமா ஒரே இடத்துலே நிக்குதுன்னா, அந்தத் தராசை நானே பறிமுதல் பண்ணியிருப்பேன். அது வேற விஷயம். கடை வேற, குடும்பம் வேற.

அன்னைக்கே மார்ஃபின் எழுதிட்டாங்க. நாலு மணி நேரத்துக்கு ஒரு மாத்திரை. நான் ஒரு வாரம் புதன்கிழமை புதன்கிழமைன்னு மனசுக்குள்ளே எண்ணிக்கிட்டே கிடந்தேன். என்ன ஆச்சுன்னு கேட்கிறீங்களா? ஒண்ணும் ஆகலை. எந்திரிச்சு உட்கார்ந்தா. "பசிக்குது, ரசம் வெச்சுக் குடுங்க"ன்னா. நான் வெச்ச ரசத்தைக் குடிச்சுட்டு, "இது ரசமா, புளிய மரத்தைக் கழுவின தண்ணியா?"ன்னா! என் வாழ்க்கையிலே முதல் தடவையா என்னைக் கிண்டல் பண்றா. பாத்திரம் தேய்க்க வர்ற பேச்சியம்மாவோட உட்கார்ந்து, டிவியிலே வர்ற மாமியாரைத் திட்டுறா. அவ சிரிக்கிற சத்தம் தெரு வரைக்கும் கேட்குது. நான் வாசல்லே நின்னு கேட்டேன். உள்ளே போனா நிறுத்திடுவாளோன்னு செருப்பைக்கூடக் கழட்டாம நின்னேன்.

அப்போ மூணு மாசம் அந்த வலியோடவா இருந்தா? அதை நான் நினைக்கிறதில்லை. நினைச்சா சோறு இறங்காது. சரி, விடுங்க.

பத்து நாளைக்கு முன்னாடி திரும்ப ஆரம்பிச்சுது. சாயங்காலம் நாலு மணிக்கு, ரெண்டு மாத்திரைக்கு நடுவுலே. டாக்டரம்மாகிட்டக் கேட்டதுக்கு, "அப்படி வரும் சார். அந்த நேரத்துலே அவங்ககிட்ட நம்பர் கேளுங்க. அஞ்சும் அதுக்கு மேலேயும்னா கூடுதலா ஒரு மாத்திரை குடுங்க, அதுக்குக் கீழேன்னா வேண்டாம்"னாங்க. பாருங்க கொடுமையை! எந்த நம்பரை நான் காறித் துப்பினேனோ, அந்த நம்பரை என்னையே கேட்க வெச்சுட்டாங்க.

கேட்டேன். கட்டில் பக்கத்துலே நாற்காலியைப் போட்டு, கடிகாரத்தைப் பார்த்து, முறையாக் கேட்டேன். "இந்திராணி, வலி எவ்வளவு? பூஜ்யத்துலேருந்து பத்துக்குள்ளே சொல்லு."

"ரெண்டு"ன்னா.

சேலைத் தலைப்பைப் பல்லுலே கடிச்சிருக்கா. கால் கட்டை விரல் ரெண்டும் விறைச்சுக்கிட்டு நிக்குது. நெத்தியெல்லாம் வேர்வை. "சரியாச் சொல்லு"ன்னேன். "ரெண்டுதாங்க. நீங்க போய்ப் பேப்பர் படிங்க"ன்னா. "அன்னைக்கு அந்தப் பொண்ணுகிட்ட ஒன்பதுன்னியே?" "அது அன்னைக்கு." நான் அஞ்சு தடவை கேட்டேன் தம்பி. அதட்டினேன். கெஞ்சினேன். நான், பெருமாள்சாமி, கட்டில் காலைப் பிடிச்சுக்கிட்டுக் கெஞ்சினேன். ரெண்டு, ரெண்டு, ரெண்டு. ரெண்டுக்கு எப்படி மாத்திரை குடுக்கிறது? மருந்து விஷயம், அளவு மீறக் கூடாது. கையிலே மாத்திரையை வெச்சுக்கிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

நல்லவேளை பேச்சியம்மா வேலைக்கு வந்தா. நான் கொல்லைப்பக்கம் முகம் கழுவப் போனேன். ரெண்டு நிமிஷத்துலே ஓடி வர்றா. "ஐயா, அம்மாவுக்கு எட்டு. சீக்கிரம் மாத்திரையைக் குடுங்க. நான் சொன்னேன்னு சொல்லிராதீக, ஐயாகிட்டச் சொல்லக் கூடாதுன்னு சொன்னாக"ங்கிறா. "ஏன் சொல்லக் கூடாதாம்?"னு கேட்டேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "ஐயா தாங்க மாட்டாகளாம். நம்பரைக் கூட்டிச் சொன்னா ஐயா மூஞ்சி செத்துப் போகுதாம், அதைப் பார்க்கிறதுக்கு இந்த வலியே தேவலையாம்"கிறா.

நானா? நானா தாங்க மாட்டேன்? எண்ணெய் மில்லுக்காரன் ஆள் வெச்சு அடிக்க வந்தப்போ அசையாம நின்னவன் நான். கிறுக்கச்சி. ஆண்டாண்டு காலமா என் மூஞ்சியைப் பார்த்துப் பார்த்தே நம்பர் சொல்லிக்கிட்டு இருந்திருக்கா. மெரூனுக்குத் தலையாட்டினாளே, அதுவும் இப்படித்தானோ என்னவோ. போய்க் கேட்டா அதுக்கும் "ஆமாங்க, எனக்கு மெரூன்தான் பிடிக்கும்"னு சொல்லுவா. எனக்கு அழுகை வர்ற அளவுக்குக் கோபம் வந்துச்சு தம்பி. யார் மேலேன்னு கேட்காதீங்க.

அதுலேருந்து ஒரு ஏற்பாடு பண்ணிட்டேன். நாலு மணியானா செருப்பை மாட்டிக்கிட்டு "வாக்கிங் போயிட்டு வர்றேன்"னு கிளம்பிடுவேன். எங்கே வாக்கிங்? இந்த பஸ் ஸ்டாப்புலே வந்து உட்காருவேன். அதோ, எதிர்லே நீலக் கேட்டு போட்ட வீடு, அதான் எங்க வீடு. நான் இந்தப் பக்கம் வந்ததும் பேச்சியம்மா உள்ளே போய்க் கேட்பா. கேட்டுட்டு, குப்பை கொட்டுற மாதிரி வாசலுக்கு வந்து எனக்கு விரலைக் காட்டுவா. அஞ்சும் அதுக்கு மேலேயும்னா நான் எந்திரிச்சுப் போய், ஒண்ணும் தெரியாத மாதிரி, "டாக்டரம்மா போன் பண்ணினாங்க, இப்போ ஒரு மாத்திரை போடணுமாம்"னு குடுத்துடுவேன். தினமும் டாக்டர் நாலேகாலுக்கு போன் பண்றாங்களான்னு அவ கேட்டதே இல்லை. நம்பிடுவா பாவம், வெள்ளந்தி. கையை நீட்டி வாங்கி முழுங்கிடுவா. நேத்து நான் கொஞ்சம் அசந்து சேர்லேயே உட்கார்ந்துட்டேன். நாலு அடிச்சதும் "வாக்கிங் போகலையா? கிளம்புங்க, கிளம்புங்க"ன்னு விரட்டுறா. அந்த வேதனையிலேயும் என் உடம்பு மேலே எவ்வளவு அக்கறை பாருங்க.

என்ன தம்பி, ஒரு மாதிரி பார்க்கிறீங்க? பேனாவை ஏன் திறக்கிறீங்க? மூடுங்க, மூடுங்க. அந்த வெள்ளையிலே நீங்க ஒண்ணும் எழுத வேண்டாம். ரெண்டுன்னு போடுங்கன்னு நான் சொன்னேன்தான், யார் இல்லேன்னா? உங்க அம்மா கையிலே குடுத்துட்டு நீங்க எங்கேயாவது ஜெராக்ஸ் எடுக்கப் போங்க. நீங்க எதிர்லே நின்னா அவங்களும் ரெண்டுன்னுதான் போடுவாங்க. உங்க மூஞ்சியும் அப்படித்தான் இருக்கு.

இருங்க. கேட்டு திறக்குது. பேச்சியம்மா வந்துட்டா. ஒரு கை முழுசாக் காட்டுறா, அஞ்சு. இன்னொரு கையிலே... ரெண்டா? மூணா? நாலா அது? சனியன், இந்த வெயில் வேற நேரா கண்ணுலேயே அடிக்குது, எல்லாம் தண்ணிக்குள்ளே தெரியிற மாதிரி இருக்கு. தம்பி, உங்களுக்கு வயசுக் கண்ணு. கொஞ்சம் எந்திரிச்சு நின்னு பார்த்துச் சொல்லுங்க. எத்தனை?